பூர்வீகம் எது என்று கேட்டால்

போன மாதம் சின்னவன் வேலை செய்யும் இடத்திலிருந்து போன் செய்தான். பெண் வீட்டார் ஒன்றே ஒன்று கேட்கிறார்களாம்.

"உங்க பூர்வீகம் எதுன்னு கேக்குறாங்கப்பா. ஆவடின்னு சொன்னேன். அது நீங்க குடியிருக்கிற ஊரு, பூர்வீகம் எதுன்னு திரும்பவும் கேக்குறாங்க. இன்னா சொல்லட்டும்?"

அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கவனித்தேன், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தச் சொல்லை யார் சொன்னாலும் எனக்கு இப்படித்தான் ஆகிறது. ஏன் என்று பிள்ளைகள் நீங்கள் இருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மூத்தவளுக்கு இதில் முக்கால்வாசி தெரியும். சின்னவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்போது அவனுக்கு ஐந்து வயது, திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் தூங்கிவிட்டான்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை, ஆவடியிலேயே குவார்ட்டர்ஸ். எங்கள் பிளாக்கில் எட்டு வீடு. திருநெல்வேலி, மதுரை, சேலம், வேலூர் என்று ஆளுக்கு ஒரு பக்கம். ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்ததும் டிரங்குப் பெட்டிகள் பரணிலிருந்து இறங்கும். மே மாதம் முழுவதும் பிளாக்கே காலியாகக் கிடக்கும். நாம் நாலு பேரும், எல்லார் வீட்டிலும் பால் குடித்துப் பழகிய ஒரு பூனையும்தான் மிச்சம். எல்லார் வீட்டுச் செடிக்கும் உங்கள் அம்மாதான் தண்ணீர் ஊற்றுவாள்.

எதிர் வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். அவர்தான் ஒரு தடவை பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏன் தம்பி, வருஷா வருஷம் நீங்க மட்டும் குவார்ட்டர்ஸுக்குக் காவல் இருக்கிய? ஊருக்குப் போவலியா?"

"ஊரு இதான் அண்ணாச்சி."

"இது வேல பாக்குற ஊருல்லா. பூர்வீகம் எதுன்னு கேக்கேன்."

"அது தெரியல அண்ணாச்சி."

அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பூர்வீகம் தெரியாத மனுஷன் உண்டுமா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே திகைத்துப் போய்க் கேட்டார். வாசலில் நின்று மூத்தவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. உள்ளே வந்ததும், "நமக்கு ஏம்பா ஊரு இல்ல? எல்லாருக்கும் கீதே" என்று ஆரம்பித்தாள். அந்த மே மாதம் முழுக்க அதே பேச்சு.

அதே சமயத்தில் ஆபீஸிலும் அது வந்து நின்றது. மத்திய அரசு வேலையில் லீவுக்குச் சொந்த ஊர் போய்வர ரயில் செலவைக் கொடுப்பார்கள். எல்.டி.சி. என்று பெயர். அதற்கு வேலையில் சேரும்போதே சொந்த ஊர் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். செக்‌ஷன் கிளார்க் என் வயசுக்காரர், ராயபுரத்து ஆள். ஒரு நாள் கூப்பிட்டார்.

"இன்னா மாமே, சர்வீஸ் புக்குல ஹோம் டவுன் காலியா கீது? எல்.டி.சி. வேணாவா உனுக்கு? பூர்வீகம் எந்த ஊரு?"

"எங்கப்பா ஒரு ஊரு சொல்லுவாரு. ரொம்ப தூரம்னு சொல்லுவாரு."

"தூரமா? அப்ப ஜோரு. குடும்பத்தோட ரயில்ல போய்ட்டு வா. ஆனா பாத்து எழுது. சர்வீஸ் பூரா ஒரே ஒரு தபாதான் மாத்தலாம்."

என் அப்பா ஆவடியில் கட்டடங்கள் எழும்பிய காலத்தில் மண் சுமக்க வந்தவர். அந்த ஊரின் பெயரை என் வாழ்நாளில் இரண்டு தடவைதான் அவர் வாயால் கேட்டிருக்கிறேன். எங்கே இருக்கிறது என்று கேட்டால், "அது ரொம்ப தூரம்டா. இங்கேர்ந்து போவ முடியாது" என்பார். அதோடு பீடியைப் பற்றவைத்துவிடுவார். எனக்கு குவார்ட்டர்ஸ் கிடைப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் தங்கை, என் அத்தை, அம்பத்தூரில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் குடியிருந்தார். அவரைக் கேட்டால், "எதுக்கு அது இப்ப?" என்று ஒரே பதில்.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எந்த ஊர் வழியாகப் போக வேண்டும், எத்தனை மணி நேரம் என்று கேட்கத்தான். டைம் கீப்பர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அதோ நிக்குதே, அதே பஸ்ஸுதான். அம்பது நிமிஷம்."

நான் நம்பவில்லை. அதே பெயரில் வேறு ஊர் இருக்கும் என்று இன்னொரு கண்டக்டரைக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். ஐம்பது நிமிஷம். நான் ஷிப்டுக்குப் போய் வரும் நேரம். என் அப்பா முப்பது வருஷம் அந்த ஐம்பது நிமிஷத்துக்கு இந்தப் பக்கமே இருந்து, போக முடியாத தூரம் என்று சொல்லிச் செத்துப்போயிருக்கிறார். அங்கேயே ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். ஒரு மனிதன் பக்கத்து ஊரைத் தூரம் என்று ஏன் சொல்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்கு விவரம் போதாது என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் புறப்பட்டோம். மூத்தவள் புதுப் பாவாடை சட்டை, பள்ளிக்கூடத்து பக்கிள் ஷூ. நான் பேண்ட், முழுக்கைச் சட்டை. எதிர் வீட்டு அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைகள் மாதிரி மூத்தவள் தன்னிடமும் ஒரு பெட்டி இருக்க வேண்டும் என்று அழுது, ஒரு சின்னப் பெட்டியில் ஒன்றுமே வைக்காமல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அங்கே நாம் போன வீட்டுப் பேரப்பிள்ளைகள் உங்களோடு வேலை செய்துகொண்டிருக்கலாம். பஸ் நின்ற இடத்தில் ஒரு டீக்கடை. என் தாத்தா பேரைச் சொல்லி, அவர் வகையில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். டீக்கடைக்காரர் என் ஷூ போட்ட பெண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பேர்ல இப்ப யாரும் இல்லபா. பெரிய ஊட்ல போய்க் கேளு. அவங்களுக்குத்தான் தெரியும்."

பெரிய வீடு என்றால் நிஜமாகவே பெரிது. மதில், இரும்பு கேட், உள்ளே டிராக்டர், மாடியில் டிவி ஆன்டெனா. கேட்டிலிருந்து வீட்டு வாசற்படிக்கு முப்பது முப்பத்தைந்து அடி இருக்கும், வெறும் சிமெண்ட் தரை. மே மாதத்து வெயில். நான் கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். யாரும் சொல்லவில்லை. அங்கே சொல்வதற்கு ஆளே இல்லை. உங்கள் அம்மா, "வாசப்படியாண்ட போய்க் கழட்டேன், கால் வேவும்" என்றாள். நான் அதற்குள் பாதி தூரம் போய்விட்டேன். உள்ளங்கால் பொரிந்தது. திரும்பிப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை.

ஈஸிசேரில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். நான் தாத்தா பேரையும் அப்பா பேரையும் சொன்னேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"அட! அவன் மவனா நீ? கேட்டாண்டேர்ந்து வர்றப்பவே நெனச்சேன். நிக்கிற நிப்பே சொல்லுதே!"

நான் குனிந்து என்னைப் பார்த்தேன். என் இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வயிற்றின் மேல் இருந்தன. தலை தோளுக்குள் இறங்கியிருந்தது. ஃபோர்மேனிடம் எதிர்த்துப் பேசுகிறவன் நான். யூனியன் கேட் மீட்டிங்கில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். இப்படி நிற்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ஊருக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்திருக்கிறேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் வீட்டு அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார், எவர்சில்வர் டம்ளரில்தான். சின்னவனுக்கு ஒரு பிடி வேர்க்கடலை. குடித்து முடித்ததும் நாலு டம்ளரையும் நானே எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். கழுவு என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. நம் வீட்டில் நான் ஒரு டம்ளரைத் தொட்டுக் கழுவியதில்லை என்று உங்கள் அம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுவாள். அன்றைக்கு அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெரியவர் பேசிக்கொண்டே போனார். "உங்க தாத்தன் எங்க அப்பாவுக்குப் படியாளு. அவுங்க அப்பன் எங்க தாத்தாவுக்குப் படியாளு. பூர்வீகமா நம்ம ஊட்டு ஆளுங்கடா நீங்க!"

படியாள் என்றால் உங்களுக்குத் தெரியாது. கூலி கிடையாது. நாளைக்கு இத்தனை படி என்று தானியம் அளந்து போட்டு, ஆளையும் அவன் பிள்ளைகளையும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சொல் தெரியும். ஃபேக்டரியில் யாரோ தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது என் தாத்தாவைப் பற்றியது என்று தெரியாது. அவர் அதைத் திட்டுவது போலச் சொல்லவில்லை. பிரியமாக, காணாமல் போன சாமான் கிடைத்துவிட்டது போலச் சொன்னார். என் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். அவர்கள் வீட்டுக் கிணறு, நிலம், மாடு இவற்றோடு நாங்களும் அவர்களுடைய பூர்வீகத்தில் இருந்தோம்.

"உங்கப்பன் பண்ணத கேட்டியா?" என்றார். "உங்க அத்த இங்கதான் வளந்தா. எங்க தங்கச்சி கொழந்தைய அவதான் இடுப்புல வெச்சுகினு திரிவா. ஒரு நாள் மத்தியானம் கொளத்தாங்கரையில புள்ளைய தனியா வுட்டுட்டு அண்ணனும் தங்கச்சியும் ஓடிட்டாங்க. நல்ல காலம் ஒண்ணும் ஆவல, இப்ப நல்லா கீது. தண்ணில வுழுந்திருந்தா இன்னா ஆவறது? எங்கப்பா ஆள் அனுப்பறேன்னாரு. எங்கம்மாதான் போவட்டும் வுடுன்னாங்க."

என் அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களை இரண்டு பேரையும் மடியில் போட்டுக் கொஞ்சுவார், தூங்கவைப்பார். ஆனால் இடுப்பில் தூக்க மாட்டார். எந்தக் குழந்தையையும் தூக்கி நான் பார்த்ததில்லை. இடுப்புவலி என்பார். எஸ்டேட்டில் இருபது கிலோ பெட்டிகளை ஏற்றி இறக்குகிற பெண்ணுக்கு என்ன இடுப்புவலி என்று நானும் கேட்டதில்லை.

இதை நினைத்துக்கொண்டு நின்றபோதுதான் பெரியவர் மூத்தவளைக் கூப்பிட்டார். "இங்க வா கண்ணு. இன்னா படிக்கிற?"

"அஞ்சாவது."

"சமத்து." அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார். "எங்க பொண்ணு கரையான்சாவடில ஊடு கட்டினு கீறா. ரெட்டப் புள்ள. ஒண்டியா அவதிப்படறா. வெளி ஆள நம்பி வெக்க முடியல. வர்ற ஞாயித்துக்கெழம இத்த அங்க கொண்டாந்து வுட்டுடு. ஊட்டுப் புள்ள மாறி பாத்துக்குவா. பூர்வீகமா நம்ம ஆளு கெடைக்கறப்ப வெளியில எதுக்குத் தேடணும்?"

நான் சொன்னேன்: "சரிங்க."

இதைத்தான் எழுத வேண்டியிருந்தது. மேலே எழுதியதெல்லாம் இதற்காகத்தான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் வாய் திறந்தது, "சரிங்க" என்று சொன்னது, மூடிக்கொண்டது. அடுத்தவர் சொன்னதைக் கேட்பது போல என் குரலை நானே கேட்டேன். மூத்தவளும் கேட்டாள். பெரியவரின் கை அவள் தலையில் இருந்தது. அவள் கண் என்மேல் இருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் உங்கள் அம்மா ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை.

"இன்னாயா சொன்ன அங்க?"

"தெரியல."

"தெரியலயா? பெத்த பொண்ண ஊட்டு வேலைக்குக் கேக்கறான், சரிங்கன்ற. ரேஷன் கடைல சக்கர கம்மியா போட்டா அந்த ஆட்டம் ஆடுவியே, அந்த வாயி எங்க போச்சு?"

மூத்தவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காலிப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். பூந்தமல்லி வரப்போகிற நேரத்தில் கேட்டாள். "எம் புக்கெல்லாம் அங்க எடுத்துனு போலாமாப்பா?"

அவள் அழுதிருந்தால் தேவலை. அவள் தயாராகிக்கொண்டிருந்தாள். அப்பா சரி என்று சொல்லிவிட்டார், ஆகவே போக வேண்டும். அவ்வளவு சீக்கிரத்தில் அவளும் கற்றுக்கொண்டாள் என்பதுதான் என்னை அடித்துப் போட்டது. "நீ எங்கயும் போவல" என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பிய மாதிரி தெரியவில்லை. ஏன் நம்புவாள்?

அந்த வாரம் நான் நானாக இல்லை. பெஞ்சில் ஒரு பீஸை அரத்தால் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கீழே கொண்டுபோய்விட்டேன். கூட வேலை செய்தவன், "இன்னா மச்சான், ஊருக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து பேயறஞ்ச மாறி கீற? பூர்வீகத்துல பொதையல் கிதையல் கெடச்சுதா?" என்று சிரித்தான்.

புதன்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "சரிங்க" என்று நான் சொன்ன இடம் வந்ததும் அவர் கை நின்றது.

"சரின்னியா?"

"ஆமா அத்தே."

கீரையைப் பார்த்தபடியே சொன்னார். "அந்தப் புள்ள ரொம்ப கனம்டா. எனக்கு அப்ப பத்து வயசு கூட இல்ல. கீழ எறக்கினா அழும். அழுதா எனுக்கு அடி வுழும். ஒரு நாளு மத்தியானம் உங்கப்பன் கொளத்தாங்கரைக்கு வந்து, புள்ளைய கீழ வெச்சிட்டு வான்னான். வெச்சேன். வந்துட்டேன். நடந்தே வந்தோம். திரும்பிப் பாக்காதன்னான்."

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவல அத்தே. நல்லா கீறாங்களாம்."

"அது இன்னா பண்ணும், பாவம்" என்றார். நான் செருப்பை மாட்டும்போது, "லெட்டர் கிட்டர் போடாத. நேர்ல போய் சொல்லிட்டு வா" என்றார்.

உங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னாள், இன்னொன்றையும் சேர்த்து. "அவளையும் கூட்டினு போ. நீ சரின்னத அவ கேட்டா. இத்தயும் கேக்கட்டும்."

வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். மறுபடியும் என் வாய் திறந்து அதையே சொல்லிவிடும் என்று பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போனால், விட்டுவிட்டு வரத்தான் போகிறேன் என்று அவள் நினைப்பாள். நினைக்கவும் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். இந்தத் தடவை அது காலியாக இல்லை. "அத்த வெச்சிட்டு வா. சும்மா போய்ட்டு வரப்போறோம்" என்றேன். வைத்துவிட்டு வந்தாள். வழியெல்லாம் அவள் கை என் கையில் சில்லென்று இருந்தது. பஸ்ஸில் மனசுக்குள் நான் வாக்கியங்களை ஒப்பித்துக்கொண்டே வந்தேன். நாங்க இப்ப சர்க்கார் வேலைல கீறோம். எம் பொண்ணு வேலைக்குப் போற பொண்ணு இல்ல. உங்க மேல மரியாத கீது. இப்படி.

கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புது வீடு. பெரியவரும் வந்திருந்தார், உள்ளே அவர் குரல் கேட்டது. கேட்டைத் திறந்ததும் என் வலது கால் தானாகச் செருப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது.

"இங்கயேவாப்பா?" என்றாள் மூத்தவள். "படி அங்க கீதே."

நான் காலைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். காலைத் திரும்பச் செருப்புக்குள் விட்டேன். கேட்டிலிருந்து படி வரைக்கும் பத்தடிகூட இருக்காது. செருப்போடு அந்தப் பத்தடியை நடப்பதற்குள் எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. படியில் கழற்றினேன், அவளும் பக்கிளை அவிழ்த்தாள்.

"வந்துட்டியா!" என்றார் பெரியவர். "தோ, அவன் மவன் வந்துட்டான். நான் சொன்னன் பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் மகள் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தூக்கமில்லாத முகம். மூத்தவளைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் ஒப்பித்து வைத்திருந்தது அத்தனையும் மறந்துபோனது.

"பொண்ண அனுப்ப முடியாதுங்க. அது படிக்குது" என்றேன்.

"அவ்ளோதானே? படிக்கட்டும்டா. இங்க ஸ்கூலா இல்ல? நாங்களே சேத்து வுடறோம். கான்வென்ட்லயே சேக்கறோம், போதுமா?"

அவர் பொய் சொல்லவில்லை. சேர்த்தும் இருப்பார். வெளியே போகும் வழி என்று நான் பிடித்திருந்த கதவை அவர் நல்ல மனசோடு மூடிவிட்டார். அவர் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் இருந்த குழந்தை சிணுங்கியது. என் கைகள் மறுபடியும் வயிற்றின் மேல் ஒன்றைத் தேடி ஒன்று வருவது தெரிந்தது. ஆனால் ஒரு கை மூத்தவளிடம் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் விடவில்லை.

"இல்லீங்க," என்றேன். "படிக்கலன்னாலும் அனுப்ப மாட்டேங்க."

அந்த "ங்க" போகவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பெரியவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபமே படவில்லை. அவருக்கும் அதிர்ச்சி. கன்னத்தில் அறை வாங்கியவர் மாதிரி இருந்தார். "நாங்க இன்னா கொற வெச்சோம்? உங்க தாத்தன் செத்தப்ப எல்லாச் செலவும் எங்கப்பா பண்ணாரு. தேடி வந்தவன் நீதானடா. நான் ஒன்ன கூப்ட்டேனா? பூர்வீகத்தத் தேடினு வந்துட்டு இப்டிப் பேசறியே" என்றார். குரல் உடைந்திருந்தது.

அதுவும் உண்மைதான். தேடிப் போனவன் நான்தான். அவருக்கு நல்ல பதிலாக ஒன்று, திரும்பி வரும் வழியில் பஸ் வேலப்பன்சாவடி தாண்டியபோது எனக்குத் தோன்றியது. அதை இங்கே எழுதி, அங்கேயே சொன்னது போலக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. அங்கே நான் "வரோங்க" என்றேன். படியில் செருப்பை மாட்டினேன். மூத்தவள் குனிந்து பக்கிள் போட்டாள், மெதுவாக, ஒவ்வொரு காலாக. அதுவரை நின்றேன்.

மறுநாள் கிளார்க்கிடம் போய் ஃபாரத்தை வாங்கினேன். ஹோம் டவுன் என்ற இடத்தில் ஆவடி என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"லூசா நீ? வேல பாக்குற எடத்தயே ஊருன்னு போட்டா எல்.டி.சி. ஒரு பைசா வராது. உங்கப்பா தூரமா ஏதோ சொன்னாருன்னியே?"

"போய்ப் பாத்தேன். தூரந்தான். போவ முடியாது."

அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். ஒரு தடவை மாற்றலாம் என்றார்களே, அதை நான் ரிடையர் ஆகும் வரை மாற்றவில்லை. மே மாதங்களில் நாம் எங்கேயும் போகாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். கஞ்சத்தனம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆகவே சின்னவனுக்கு: பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது என்பதை நீயே முடிவு செய். ஆவடி என்று சொன்னாலும் சரி, இதைப் படிக்கக் கொடுத்தாலும் சரி. அந்தக் கேள்வியில் அவர்கள் ஊரை மட்டும் கேட்கவில்லை என்று உனக்கும் தெரியும். ஊர் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள், தெரு சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆனால் எதைச் சொன்னாலும் உட்கார்ந்துகொண்டு சொல். எனக்கு அதுதான் வரவில்லை.

இதை எழுதி முடிப்பதற்கு முன் மூத்தவளுக்குப் போன் செய்தேன். இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் மகளுக்கே இப்போது பத்து வயது. ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நீ சரிங்கன்னதும் ஞாபகம் கீது. மாட்டேங்கன்னதும் ஞாபகம் கீதுப்பா," என்றாள். "எது மொதல்ல ஞாபகம் வருதுன்னு மட்டும் கேக்காத."

நான் கேட்கவில்லை.